ஈரடியில் எதுகையின் வேலை

(ஒரு கல்லூரித் தமிழ் மன்றத்தில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இரண்டே அடியில் முடியும் கவிதையைப் பற்றி, அதிலும் அந்த இரண்டடியை ஒன்றோடொன்று பிணைக்கும் ஒலியைப் பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். எதுகை, மோனை, இயைபு என்றதும் பள்ளிக்கூடத்து இலக்கண வகுப்பும் இரண்டு மதிப்பெண் வினாவும் நினைவுக்கு வந்து சிலருக்குக் கொட்டாவி வரலாம். இன்று அந்த வினாவுக்குள் நான் போகப்போவதில்லை. இரண்டு அடிகள் ஒலியால் ஒன்றும்போது பொருளுக்கு என்ன நேர்கிறது? என் பேச்சு முழுவதும் இந்த ஒரு கேள்வியைச் சுற்றித்தான்.

‘எதுகை செவிக்கு இனிமை சேர்க்கும்’ என்று சொல்லி முடித்துவிடுவது வழக்கம். இனிமை உண்டு, மறுக்கவில்லை. ஆனால் இனிமைக்கு மேல் ஒரு காரியத்தை எதுகை செய்கிறது. இரண்டு சொற்களை ஒரே ஒலியில் நிறுத்தும்போது, ‘இவை இரண்டும் உறவு’ என்று கவிஞர் சபையில் அறிவிக்கிறார். அந்த உறவு மெய்யா, ஒட்டவைத்ததா என்று தீர்ப்புச் சொல்ல வேண்டியவர்கள் கேட்பவர்கள். ஆகவே எதுகை என்பது கவிஞர் முன்வைக்கும் ஒரு வாதம். இதை ஏற்றுக்கொண்டால் ஈரடிக் கவிதையின் சிறப்பும் விளங்கும், அதன் ஆபத்தும் விளங்கும்.

ஒரு சிறு சோதனை

பெரியவர்கள் பாட்டை எடுத்துச் சொன்னால் அந்தப் பாட்டின் பெருமையிலேயே மனம் நின்றுவிடும். அதனால் இந்தக் கூட்டத்துக்காக நானே கட்டிய ஒரு குறள் வெண்பாவைச் சொல்கிறேன். கவிதை என்று பாராட்ட வேண்டாம். அறுத்துப் பார்ப்பதற்காகக் கொண்டுவந்தது.

ஏரி வறண்டபின் ஏங்கிப் பயனென்ன
தூரை அகற்றாத ஊர்க்கு.

முதலடியின் முதற்சொல் ‘ஏரி’. இரண்டாமடியின் முதற்சொல் ‘தூரை’. முதலெழுத்து இரண்டும் நெடில். இரண்டாம் எழுத்து இரண்டிலும் ரகர வருக்கம். இலக்கணப்படி எதுகை நிற்கிறது. இப்போது பொருளைப் பாருங்கள். ஏரிக்கும் அதன் அடியில் படிந்த தூருக்கும் இருக்கும் உறவுதான் இந்தப் பாட்டின் முழு வழக்கும். ஏரி வறண்டதற்குக் காரணம் தூர். விளைவு முதலடியின் வாசலில் நிற்கிறது, காரணம் இரண்டாமடியின் வாசலில் நிற்கிறது. இரண்டையும் இணைக்க ‘ஏனென்றால்’ என்று ஒரு சொல்லை நான் போடவில்லை. அந்த வேலையை எதுகை பார்த்துக்கொண்டது.

இதே செய்தியை வேறு விதமாகச் சொல்லிப் பார்ப்போம்.

மழைக்கு முன்னே தூரை எடுக்க மறந்து கிடந்தோமே
ஏரியில் தண்ணீர் வற்றிய பின்னே குடமொடு நடந்தோமே.

இங்கே அடிகளின் தலையில் எதுகை இல்லை. கடையில் ‘கிடந்தோமே, நடந்தோமே’ என்று இயைபு வந்திருக்கிறது. செய்தி அதேதான், ஆனால் பேசுகிற ஆள் மாறிவிட்டார். முதற்பாட்டில் ஊருக்கு வெளியே நின்று ஒருவர் தீர்ப்புச் சொன்னார். இரண்டாவதில் ஊரே சேர்ந்து புலம்புகிறது. முதலாவதைச் சொல்லத்தான் தோன்றுகிறது; வெண்பாவின் ஓசையைச் செப்பலோசை என்று யாப்பிலக்கணம் வகுத்ததும் அதனால்தான். இரண்டாவதைப் பாடத் தோன்றுகிறது; நான்கு பேர் கூட இருந்தால் கைதட்டவும் தோன்றும். ஒலி தலையில் ஒன்றுகிறதா கடையில் ஒன்றுகிறதா என்பது, பேசுபவர் யார், கேட்பவர் என்ன செய்ய வேண்டும் என்பதையே மாற்றிவிடுகிறது.

தமிழ் ஏன் தலையைப் பிடித்தது?

உலகத்தின் பல மொழிகளில் ஈரடி என்றால் கடைச்சொல் ஒன்றுவதுதான். ஆங்கிலத்தில் அப்படி. பாரசீகத்தின் மஸ்னவியில் அப்படி. பதின்மூன்றும் பதினொன்றுமாக அடிக்கு இருபத்துநான்கு மாத்திரை கொண்டு கபீர் பாடிய தோஹாவிலும் அப்படி. தமிழிலும் இயைபைத் தொல்காப்பியம் ஒரு தொடையாக வகுத்திருக்கிறது. ஆனாலும் நம்முடைய பழைய புலவர்கள் இயைபைவிட எதுகையைத்தான் உயிராகப் பிடித்துக்கொண்டார்கள். நம் பக்கத்து மொழிகளிலும் இதுவே வழக்கம். தெலுங்கு, கன்னட விருத்தங்களில் அடிதோறும் இரண்டாம் எழுத்து ஒன்றி வருவதைப் பிராசம் என்கிறார்கள்.

இதற்குக் காரணம் மொழியின் உடம்பிலேயே இருக்கிறது என்று நினைக்கிறேன். தமிழ்ச் சொல்லுக்குப் பொருள் தலையில் இருக்கிறது, இலக்கணம் வாலில் இருக்கிறது. ‘பாடினான், ஆடினான், ஓடினான்’ என்று மூன்று வினைமுற்றுகளை அடுக்கினால் கடைசி ஒலிகள் தாமாகவே ஒன்றிவிடும். இடைநிலையும் விகுதியும் இலவசமாகக் கொடுத்த ஒற்றுமை அது. கவிஞருடைய சம்பாத்தியம் அதில் எதுவும் இல்லை. நான் சொன்ன ‘கிடந்தோமே, நடந்தோமே’யில்கூடப் பாதிக்கு மேல் இலக்கணத்தின் கொடைதான். எதுகையோ சொல்லின் இரண்டாம் எழுத்தைப் பிடிக்கிறது. அந்த இடத்தில் இருப்பது பகுதி, அதாவது வேர். வேரோடு வேரை ஒன்றவைக்க விகுதி உதவாது. அகராதி முழுவதும் தேடித்தான் எடுக்க வேண்டும். விலை கொடுத்து வாங்கிய ஒற்றுமைக்குத்தான் வாதத்தின் வலு வரும்.

ஆங்கிலத்தில் நிலைமை வேறு. நான், நீ, அவன், அவர்கள் என யார் பாடினாலும் அங்கே இறந்தகால வினை ஒரே வடிவம். விகுதிகள் குறைவு, ஓரசைச் சொற்கள் ஏராளம். அடியின் கடைசியில் நிற்பது பெரும்பாலும் வெறும் வேர்ச்சொல். ஆகவே அவர்களுக்குக் கடையில் ஒன்றவைப்பதே விலையுள்ள வேலை. அவரவர் மொழியில் எந்த இடம் அருமையோ அந்த இடத்தில் அவரவர் கவிதை ஒலியைக் கட்டியிருக்கிறது.

இதனால் கேட்பவருக்கு நேரும் அனுபவமும் மாறுகிறது. கடை ஒலிக்கும் ஈரடியில் முதலடி முடிந்ததும் காது காத்திருக்கத் தொடங்குகிறது. எதிர்பார்த்த ஒலி வந்ததும் விஷயம் முடிந்துவிட்டது என்ற திருப்தி வருகிறது. தலை ஒலிக்கும் ஈரடியிலோ இரண்டாமடியின் முதற்சொல்லிலேயே ஒலிக்கணக்கு தீர்ந்துபோகிறது. உறவு அறிவிக்கப்பட்டுவிட்டது, அது என்ன உறவு என்பது மட்டும் மிச்சம். அதை அறியப் பாட்டின் கடைசிச் சீர் வரை கவனம் ஓடுகிறது. முந்தியது கதவைச் சாத்தும் ஒலி, பிந்தியது கதவைத் திறக்கும் ஒலி.

குறளின் வடிவம்

இந்த இடத்தில் வள்ளுவரைப் பார்க்க வேண்டும். 1330 குறளுக்கும் வடிவம் ஒன்றே: முதலடி நான்கு சீர், இரண்டாமடி மூன்று சீர். இரண்டு அடியும் சமமாக இல்லை என்பதைக் கவனியுங்கள். நான்கு சீர் கேட்ட காது இன்னொரு நான்கை எதிர்பார்க்கிறது. மூன்றிலேயே பேச்சு நின்றுவிடுகிறது. அந்தக் கடைசிச் சீரும் முழுச்சீர் கிடையாது; நாள், மலர், காசு, பிறப்பு என்ற குறுகிய வாய்பாடுகளில் ஒன்றாக இருக்க வேண்டும் என்பது விதி. எதிர்பார்த்த இடத்துக்கு ஒரு சீர் முன்னதாகவே பாட்டு முடிந்துவிடுவதால், மீதமிருக்கும் இடைவெளியில் கேட்பவருடைய சிந்தனை வந்து உட்கார்ந்துகொள்கிறது. அடிகள் சமமாக இருந்திருந்தால் தராசுபோல நின்றிருக்கும், அசைவே இருந்திருக்காது.

இன்னொன்று. குறள் வெண்பாவுக்கு எதுகை கட்டாயம் என்று யாரும் விதிக்கவில்லை. இரண்டடியும் ஒரே எதுகை பெற்றால் ஒரு விகற்பம், அடிக்கு ஒன்றாக மாறினால் இரு விகற்பம் என்று இரண்டையும் யாப்பிலக்கணம் ஏற்கிறது. வள்ளுவரிடம் இரண்டும் உண்டு. உறவைச் சொல்ல வேண்டிய இடத்தில் எதுகையைக் கொண்டுவருகிறார். பொருள் வேறு பக்கம் போகும்போது எதுகைக்காக அதை இழுத்துப் பிடிப்பதில்லை. எதுகை எங்கே வேண்டாம் என்று தெரிந்தவர் கையில்தான் எதுகை வாதமாகிறது. மற்றவர் கையில் பழக்கமாகிவிடுகிறது.

கண்ணியும் வழிபாடும்

குறளுக்கு அடுத்தபடி தமிழில் ஈரடி செழித்த இடம் கண்ணி. தாயுமானவரின் பராபரக்கண்ணியில் 389 கண்ணிகள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் ‘பராபரமே’ என்ற விளியில் முடிகிறது. தலையில் எதுகை கண்ணிக்குக் கண்ணி மாறுகிறது. கடைச்சொல் மட்டும் மாறுவதே இல்லை. மனம் ஒவ்வொரு முறையும் புதிய கேள்வியோடு, புதிய ஏக்கத்தோடு புறப்பட்டு, திரும்பத் திரும்ப ஒரே பெயரில் வந்து சேர்கிறது. வழிபாட்டின் இயல்பும் அதுதானே? இந்த வடிவத்தை எடுத்துவிட்டு அதே கருத்துகளை ஒரு கட்டுரையாக எழுதினால் தத்துவம் மிஞ்சும், பக்தி போய்விடும்.

இந்த ஏற்பாடு ஒரு சமயத்துக்கு மட்டும் சொந்தமாக இருக்கவில்லை. பத்திரகிரியாரின் புலம்பலில் ‘எக்காலம்’ என்ற கேள்வி ஒவ்வோர் ஈரடியையும் முடிக்கிறது. குணங்குடி மஸ்தான் சாகிபு இஸ்லாமிய ஞானத்தைக் கண்ணிகளில் பாடினார். பாரதியோ கிளிக்கண்ணி மெட்டை எடுத்து, போலித் தேசபக்தர்களைச் சாடப் பயன்படுத்தினார். கிளியை விளித்துக் கொஞ்சும் பாட்டில் வசை வந்து விழும்போது, மெட்டின் குழைவே வசையின் கூர்மையைக் கூட்டுகிறது.

கதை சொல்லும் ஈரடி

ஈரடி என்றால் நறுக்கென்று முடிவது என்று மட்டும் நினைத்துவிடக் கூடாது. உலகத்தின் மிக நீண்ட கதைகளில் சில ஈரடியில் எழுதப்பட்டவை. பிர்தௌசியின் ஷாநாமா ஏறத்தாழ 50,000 ஈரடிகள். ரூமியின் மஸ்னவி ஏறத்தாழ 25,000. சாசர் தம் கான்டர்பரி கதைகளில் பெரும்பகுதியை ஈரடியில்தான் சொன்னார். நம்மிடமும் உலாவும் தூதும் கலிவெண்பாவில் நடக்கின்றன. தமிழ்விடு தூது மட்டும் 268 கண்ணிகள். பாரதியின் குயில் பாட்டும் கலிவெண்பாதான்.

நீண்ட கதைக்கு ஏன் ஈரடி பொருந்துகிறது? நூறு அடிக்கு ஒரே எதுகையைத் தொடர்வது என்றால் சொல் கிடைக்காது. கிடைத்த சொல்லுக்காகக் கதை வளையும். ஈரடியில் எதுகை இரண்டு அடிக்கு ஒருமுறை பிறந்து, இரண்டு அடியிலேயே தன் வேலையை முடித்துக்கொள்கிறது. அடுத்த இரண்டடி புதுக்கணக்கு. கதைக்கு வேண்டிய வேகமும் கிடைக்கிறது, காதுக்கு வேண்டிய ஒழுங்கும் கிடைக்கிறது.

ஆங்கிலத்தார் செய்த இரண்டு காரியங்கள்

ஆங்கிலத்தில் ஈரடியை உச்சத்துக்குக் கொண்டுபோனவர் அலெக்சாண்டர் போப். அவருக்கு முன் டிரைடன் அதற்குச் சாணை பிடித்து வைத்திருந்தார். அடிக்குப் பத்து அசை, நடுவில் ஒரு சிறு நிறுத்தம், இரண்டாமடியின் முடிவில் வாக்கியத்துக்கும் முடிவு. இந்த நான்கு பாதிகளையும் தராசுத்தட்டுகள்போல வைத்துக்கொண்டு எடைபோடுவது போப்பின் கலை. 1711-இல் வந்த அவருடைய திறனாய்வு பற்றிய கவிதையிலிருந்து பல வரிகள் ஆங்கிலத்தில் பழமொழியாகவே ஆகிவிட்டன. அவருடைய அங்கதம் பிறப்பது இயைபில்தான். உயர்ந்த ஒன்றையும் அற்பமான ஒன்றையும் ஒரே ஒலியில் பக்கத்துப் பக்கத்தில் நிறுத்திவிடுவார். சீமான்களின் உலகத்தில் இரண்டுக்கும் ஒரே மதிப்புத்தான் என்ற குற்றச்சாட்டை ஒலியே படித்துவிடும். விம்சாட் என்ற அமெரிக்கத் திறனாய்வாளர் 1944-இல் எழுதிய ஒரு கட்டுரையில் இந்த நுட்பத்தைத்தான் ஆராய்ந்தார். ஒலியில் ஒத்து, பொருளிலும் சொல்வகையிலும் வேறுபடும் சொற்கள் இணையும்போதே இயைபு சிந்தனையாகிறது என்பது அவர் கருத்தின் சாரம்.

இரண்டாவது காரியம் இதற்கு நேர் எதிரானது. ராபர்ட் பிரவுனிங் 1842-இல் வெளியிட்ட ‘மை லாஸ்ட் டச்சஸ்’ கவிதையில் ஒரு கோமகன் இறந்துபோன மனைவியின் ஓவியத்தைக் காட்டிப் பேசுகிறான். முழுக்கவிதையும் ஈரடி, ஆனால் வாக்கியங்கள் அடிமுடிவில் நிற்காமல் வழிந்து அடுத்த அடிக்குள் போய்விடுகின்றன. முதல்முறை வாசிக்கும் பலருக்கு இயைபு இருப்பதே தெரியாது. மிகவும் நாசூக்காகப் பேசும் அந்த மனிதன் ஒரு கொடுமையை மறைத்துக்கொண்டிருக்கிறான். கவிதையும் தன் கட்டுப்பாட்டை மறைத்துக்கொண்டு நடக்கிறது. ஒலி ஒன்றுவதை ஊருக்கு அறிவிக்கலாம், அடக்கியும் வைக்கலாம். இரண்டுக்கும் பொருள் உண்டு.

நினைவும் காவலும்

ஓலைச்சுவடிக் காலத்தில் எதுகைக்கு இன்னும் இரண்டு வேலைகள் இருந்தன. முதலாவது, மனப்பாடம். இரண்டாமடி எங்கே தொடங்கும் என்று தடுமாறுபவருக்கு முதலடியின் முதற்சொல்லே அடி எடுத்துக் கொடுக்கும். கடை இயைபு இந்த உதவியைச் செய்வதற்குள் அடி முடிந்துபோய்விடும்.

இரண்டாவது, காவல். ஏடு எழுதுபவர் ஒரு சொல்லை மாற்றி எழுதினால் தளை தட்டும், அல்லது எதுகை தவறும். பழைய நூல்களைப் பதிப்பித்தவர்களுக்குப் பாடத்தில் பிழை புகுந்த இடத்தை அடையாளம் காட்டியவற்றில் யாப்பு முக்கியமானது. உரைநடையில் ஒரு சொல் மாறினால் யாருக்கும் தெரியாது. செய்யுளில் ஒலியே ஆட்சேபம் எழுப்பும்.

ஆபத்து

இதுவரை எதுகையின் பக்கமே பேசிவிட்டேன். எதிர்த்தரப்பையும் கேட்க வேண்டும்.

மக்லோன், டோஃபிக்பக்‌ஷ் என்ற இரு ஆய்வாளர்கள் 2000-இல் ஓர் உளவியல் ஆய்வை வெளியிட்டார்கள். இயைபுடைய ஆங்கில முதுமொழிகளையும், அதே பொருளை இயைபில்லாமல் மாற்றி எழுதிய வாக்கியங்களையும் மக்களிடம் கொடுத்து, இவை எவ்வளவு தூரம் உண்மை என்று கேட்டார்கள். இயைபுள்ளவற்றையே மக்கள் அதிக உண்மை என்று மதித்தார்கள். நயம் வேறு, உண்மை வேறு என்று எச்சரித்துவிட்டுக் கேட்டபோது அந்தச் சலுகை குறைந்தது.

நமக்கு இது புதுச்செய்தியா? தேர்தல் சுவரெழுத்தைப் பாருங்கள். துணிக்கடை, நகைக்கடை விளம்பரத்தைப் பாருங்கள். மேடையில் எதுகை விழும் இடத்தில் எழும் கைதட்டலைப் பாருங்கள். சொன்னது சரிதானா என்று யோசிப்பதற்குள் காது ஒப்புதல் கொடுத்துவிடுகிறது. பெண்களைப் பற்றியும் சாதிகளைப் பற்றியும் நம்மிடம் புழங்கும் இழிந்த பழமொழிகள் பல, தலைமுறைகளைத் தாண்டி வாழ்வதற்கு அவற்றின் எதுகை மோனையும் ஒரு காரணம். ஒலி ஒன்றியதால் பொய் மனப்பாடமாகிவிட்டது.

இந்த ஆபத்தை உணர்ந்தவர்கள் கவிஞர்களிலேயே இருந்தார்கள். 1667-இல் ‘பாரடைஸ் லாஸ்ட்’ காவியத்தை இயைபில்லாமல் வெளியிட்ட மில்டன், அடுத்த ஆண்டு அதற்கு ஒரு விளக்கக் குறிப்பையும் சேர்த்தார். இயைபு நல்ல கவிஞனுக்கும் தளை என்பது அவர் கட்சி. தமிழில் 1959-இல் சி.சு. செல்லப்பா தொடங்கிய ‘எழுத்து’ இதழைச் சுற்றி வளர்ந்த புதுக்கவிதை இயக்கமும் இதே கட்சியைத்தான் தமிழில் வாதாடியது. அடி நிரம்புவதற்காகச் சொல்லைத் திணிக்கும் செய்யுள்கள் பெருகியிருந்த காலத்தில் அந்த வழக்கு நியாயமானது. ஆனால் அவர்கள் வென்றது சோம்பேறி எதுகையை. உழைத்துச் சம்பாதித்த எதுகை அந்த வழக்கில் பிரதிவாதியாகவே இல்லை.

ஓர் உரைகல்

அப்படியானால் நல்ல ஈரடியை எப்படி அடையாளம் காண்பது? மொழிபெயர்ப்பு ஓர் உரைகல். ஜி.யு. போப் 1886-இல் திருக்குறளை ஆங்கிலச் செய்யுளாக வெளியிட்டபோது கடை இயைபுள்ள ஈரடிகளாகவே அமைத்தார். மூலத்தின் தலை எதுகை அங்கே போக முடியாது. அதற்கு ஈடாக ஆங்கிலக் காது எதிர்பார்க்கும் கடை ஒலியைக் கொடுத்தார். அந்த ஒலிக்காகச் சில இடங்களில் வள்ளுவர் சொல்லாத சொற்களும் உள்ளே வந்தன, சுருக்கம் நெகிழ்ந்தது. வ.வே.சு. ஐயர் 1916-இல் உரைநடையில் பெயர்த்தார். அங்கே ஒலி அறவே இல்லை. அப்படியும் குறள் நின்றது. எதுகை போன பிறகும் இரண்டு அடிகளுக்கும் நடுவே இருக்கும் உறவு அப்படியே இருந்ததுதான் காரணம்.

ஆகவே கேட்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். எதுகையோடு ஒரு கருத்து வந்து நின்றால், மனத்துக்குள் அதை உரைநடையாக்கிப் பாருங்கள். அப்போதும் நின்றால் ஏற்றுக்கொள்ளுங்கள், ஒலியையும் சேர்த்து ரசியுங்கள். நிற்காவிட்டால் கைதட்ட வேண்டாம். அந்தக் கருத்தை மேடையில் சொல்பவர் நானாக இருந்தாலும் சரி.

எழுதப்போகும் மாணவர்களுக்கும் ஒன்று. எதுகை கிடைத்ததும் அடியை நிரப்பத் தொடங்கிவிடாதீர்கள். கிடைத்த இரண்டு சொற்களையும் எதிரெதிரே நிறுத்தி, ‘உங்களுக்குள் என்ன உறவு?’ என்று விசாரியுங்கள். பதில் வந்தால் ஈரடி பாதி எழுதி முடிந்த மாதிரி. பதில் வராவிட்டால் அந்தச் சொற்களைப் போகவிட்டு வேறு இரண்டைத் தேடுங்கள். இந்த விசாரணையைத் தவறாமல் செய்பவருக்கு யாப்பு ஒருநாளும் தளையாகாது. எதுகைக்காகத் தேடப்போன இடத்தில், தானாக எண்ணியிருக்க முடியாத ஓர் உறவைக் கண்டுபிடித்துக்கொண்டு திரும்புவார். அந்தக் கண்டுபிடிப்புக்காகத்தான் இத்தனை நூற்றாண்டுகளாக இரண்டே அடியோடு கவிஞர்கள் மல்லுக்கட்டுகிறார்கள்.